ஐப்பசியில காசு கேக்காதீங்க

தர்மபுரியில உக்காந்துகிட்டு கடலோர குப்பத்துக்கு கரண்ட் பிளான் போடுறேன்னு சொன்னா சிரிக்கிறாங்க, ஒகேனக்கல் தண்ணிய விட்டா உங்க ஊர்ல என்ன இருக்குன்னு. எங்க ஆபீஸுக்கு இந்த வேலை வந்ததே மலையாலதான், லைன் இழுக்க முடியாத மலை ஊருங்களுக்கு சோலார் கணக்கு போட்டு பழகுன ஆளுங்க நாங்க. பென்னாகரம் தொகுதி கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷினே கழுதை மேலதான் போச்சு, பேப்பர்ல பாத்திருப்பீங்க. அந்த மாதிரி பாதையில சோலார் கரண்ட்ட சேத்து வைக்கிற 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) டியூபுலர் பேட்டரிய, ஆசிட்டோட 55 கிலோ கிட்ட வரும், மூங்கில்ல கட்டி ரெண்டு பேர் தோள் மாத்தி மாத்தி தூக்கிட்டு ஏறுறாங்க, கூட நடந்தவனுக்கு பேனல் விலையெல்லாம் பெருசா தெரியாது.

ஒரு வீட்டுக்கு 9 வாட் எல்இடி மூணு, ராத்திரி பூரா ஒரு ஃபேன், கொஞ்ச நேரம் டிவி, ரெண்டு செல்போன். பிஎல்டிசி ஃபேன்னா, அதாவது கரண்ட் கம்மியா குடிக்கிற புது மோட்டார் ஃபேன்னா, 28 வாட்தான், மொத்தமா ஒரு நாளைக்கு முக்கால் யூனிட் கூட ஆகாது. அதுவே பழைய 75 வாட் ஃபேன்னா பத்து மணி நேரத்துல அது மட்டுமே முக்கால் யூனிட் குடிச்சிடும், அதுக்கு ஏத்த மாதிரி பேட்டரிய கூட்டணும், ஆசிட் பேட்டரியில சார்ஜ பாதிக்கு மேல இறக்குனா சீக்கிரம் செத்துடும், அதனால இன்னும் கூட்டணும். ஃபேன மாத்தி குடுக்கிறதுதான் சீப். ஆனா திட்டத்துல ஃபேனுக்குன்னு செலவு எழுத ஹெட் இல்லைம்பாங்க, பேட்டரிக்கு இருக்கு!

இதே கணக்க தூக்கிட்டுதான் தனுஷ்கோடி பக்கம் போனோம். 1964 புயலுக்கு அப்புறம் வாழ லாயக்கில்லன்னு அரசு அறிவிச்ச இடம், ஆனாலும் கம்பிப்பாடு, முகுந்தராயர் சத்திரம் பக்கமெல்லாம் மீனவங்க இருக்காங்க. நான் பாத்த குடிசைங்கள்ல சோலார் லைட்டுதான். பழைய ஸ்டாண்ட் ஒண்ணுல போல்ட்டுக்கு ஸ்பேனர் போட்டேன், தலை வட்டமா வழுக்கிடுச்சு, கையில செங்கல் பொடி மாதிரி துரு. உப்புக்காத்துக்கு எஸ்எஸ் 316ன்னு சீக்கிரம் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டு போடணும், புயல் எச்சரிக்கை வந்தா ஊர்க்காரங்களே பேனல கழட்டி உள்ள வைக்கிற மாதிரி இருக்கணும். இதெல்லாம் இஞ்சினியரிங், செஞ்சிடலாம்.

கஷ்டம் காசுல வந்துச்சு. மாசம் இவ்ளோ கட்டணும்னு ஷீட்ட காட்டினதும் ஒரு அம்மா, "மாசாமாசம் சம்பளமா வருது எங்களுக்கு? ஐப்பசி கார்த்திகையில வந்து காசு கேக்காதீங்க தம்பி"ன்னாங்க. அவங்க சொன்னத உக்காந்து யோசிச்சா, வடகிழக்கு பருவத்துல காத்தும் மழையும், கடலுக்கு போகாத நாள் ஜாஸ்தி, மேகம் மூடுனா பேனலும் பாதி கூட தராது, அதாவது கரண்ட் கம்மியா வர்ற அதே மாசத்துல முழு காசு கேக்குறோம். விசைப்படகுல கூலிக்கு போறவங்க கதை இன்னொண்ணு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், வெயில் கொளுத்தும், கரண்ட் மிச்சமாகும், கையில காசு இருக்காது. எங்க மலையில புளி வித்த கையோட ஒரு வருஷத்துக்கும் சேத்து கட்டிடறேன்னு சொல்ற வீடுங்க உண்டு. யூனிட் என்ன ரேட்டுன்னே யாரும் கேக்கல, எப்போ கட்டணும்னுதான் ரெண்டு இடத்துலயும் கேக்குறாங்க.

இன்னொரு கேள்விக்கு பதில் சொல்றது சங்கடம். 2016ல இருந்து தமிழ்நாட்டுல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். நாம போட்ட கணக்குல இவங்க ரெண்டு மாசத்துக்கு 45 யூனிட்ட தாண்ட மாட்டாங்க, ஊருக்குள்ள லைன்ல இருந்திருந்தா பில்லே வராது. தள்ளி இருக்கிற பாவத்துக்கு மட்டும் காசா?

மேற்கு வங்கத்துல சுந்தரவனத்து சாகர் தீவுல 1996லயே கமல்பூர்ல சோலார் ப்ளான்ட் வெச்சு சாயங்காலம் சில மணி நேரம் கரண்ட் விட்டாங்க, மீட்டர் ரீடிங் எல்லாம் இல்ல, வீட்டுல எத்தன லைட் பாயின்ட்டோ அதுக்கு ஒரு தொகை. எனக்கு அந்த வழி புடிக்கும். ஆனா அதுவும் மாசக் கணக்குதான்.

நாங்க இப்போ ஷீட்டுல மாசத்துக்கு ஒண்ணுன்னு இருந்த 12 கட்டத்த எடுத்துட்டு சீசனுக்கு சீசன் கட்டுற மாதிரி ஷீட்டு போட்டு, பேட்டரி மாத்துற செலவுக்கு தனியா ஒதுக்கி அனுப்பியிருக்கோம். பணம் குடுக்கிற எடத்துல இருந்து, இந்த ஃபார்மெட்ல ஏத்துக்க முடியாது, மாசவாரியா திருப்பி போட்டு அனுப்புங்கன்னு மெயில். போட மாட்டோம்னு மேனேஜர் பதில் எழுதிட்டாரு, அடுத்த வாரம் மீட்டிங்.