மூன்றாம் பிஸ்டன் உடைந்த ஜீப்: கீழ்ப்பாகம் கழுவிய நாட்குறிப்பு, கம்பம்

ஜூலை 4

கம்பம்மெட்டு ஏற்றத்தில் நின்றுபோன ஏலத்தோட்ட ஜீப். நாலு சிலிண்டர் டீசல், டர்போ இல்லை. ரேடியேட்டர் அடி ஹோஸ் கிழிந்து தண்ணீர் வடிந்த பிறகும் முதல் கியரில் இழுத்திருக்கிறார்கள். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன், அது ஓடும் வார்ப்பிரும்புக் குழாயான லைனருக்குள் இறுகி, மூன்றாவதின் ஸ்கர்ட், அதாவது அடிப்பக்கச் சுவர், பிய்ந்துவிட்டது.

இறக்கிய ஆயில் வெள்ளிப் பெயின்ட் மாதிரி மினுங்குகிறது. டிரெயின் பிளக் காந்தத்தில் கொஞ்சம் கருஞ்சாந்துதான். அதை வைத்துச் சேதம் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. காந்தம் ரிங் துண்டையும் லைனர் தூளையும் பிடிக்கும், அலுமினியத்தை விட்டுவிடும். பில்டரை அறுக்க ஹாக்சா வேண்டாம், அதன் தூளும் சேர்ந்து குழப்பும். டின் கட்டரால் வெட்டி, காகித மடிப்பை வைஸில் பிழிந்து வெயிலில் விரித்தால் எல்லாம் தெரியும். மடிப்புக்கு மடிப்பு அலுமினியச் செதில்.

"டீசல ஊத்தி ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிக் கழுவுனா போதாதாண்ணே?" என்றார் டிரைவர். போதாது. ஆயில் பம்ப் பில்டருக்கு முன்னால் இருக்கிறது. பம்ப் வாயிலுள்ள சல்லடையைத் தாண்டும், சம்ப் என்கிற அடி ஆயில் தொட்டியின் கசடெல்லாம் முதலில் பம்ப் பல்லில்தான் அரைபடும். பில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, அழுக்கு ஆயில் நேரே பேரிங்குக்குப் போய்விடும்.

ஜூலை 5

ஹெட், சம்ப் இரண்டும் கழற்றியாயிற்று. கிடைத்த துண்டுகளைக் கழுவி, செய்தித்தாளில் வைத்து உடைந்த பிஸ்டனை ஒட்டவைப்பது போலப் பொருத்திப் பார்க்கிற வேலைக்கு அரைமணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம். எது குறைகிறதோ அது இன்னும் இன்ஜினுக்குள் இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவு ஸ்கர்ட் துண்டு ஒன்றும், இரண்டாம் ரிங்கில் சுமார் 2 சென்டிமீட்டரும் குறைந்தன. ஸ்கர்ட் துண்டு சல்லடை வாயில் செருகிக்கொண்டிருந்தது. ரிங் எங்கும் இல்லை. சம்பில் டீசல் நிரப்பி ராத்திரி முழுக்க ஊறவிட்டிருக்கிறது.

கிராங்கைப் பிடித்திருக்கும் பேரிங் கேப்களில் சென்டர் பஞ்ச்சால் எண் குத்தியாயிற்று. இடமோ திசையோ மாறினால் துளை வட்டமாக நிற்காது.

ஜூலை 6

சம்பைக் கவிழ்த்து மரச்சுத்தியலால் தட்டியதும் தடுப்புத் தகட்டுக்குப் பின்னாலிருந்து ரிங் துண்டு விழுந்தது. கணக்கு சரியாயிற்று.

இனி பிளாக். கிராங்க், கேம், டேப்பெட் எல்லாம் வெளியே. பிளாக்குக்குள் ஆயில் ஓடும் நீளத் துளையான மெயின் ஆயில் கேலரியின் இரு முனைப் பிளக்கையும் கழற்றாமல் கழுவுவது வீண், கசடு தங்குவதே அந்த முட்டுச்சந்தில்தான். இறுகிய பிளக்கைச் சுற்றிச் சூடேற்றிவிட்டுத் திருப்பினால் வரும்.

முதலில் ஏர் அடிக்கக் கூடாது, செதில் குறுகிய துளையில் ஆப்பு மாதிரி இறுகிவிடும். டீசலில் நனைத்த நீள நைலான் பிரஷை ஒரு முனையில் விட்டு மறுமுனை வழியே உருவ வேண்டும். பாதியில் திருப்பி இழுக்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு மெயின் பேரிங் துளையிலிருந்தும் கேலரியை நோக்கி. பிறகு சோப்புக் கரைத்த சுடுநீர், கடைசியில்தான் ஏர், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு. ஐந்தாம் முறைதான் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. பஞ்சு வேஸ்ட் தொடவே கூடாது, அதன் நூலே அடுத்த அடைப்பு.

மலைச்சாரல் காற்றில் கழுவிய வார்ப்பிரும்பு ஒரு மணி நேரத்துக்குள் செம்மை பூக்கிறது. உலர்ந்த கையோடு ஆயில் தடவி, பிளாஸ்டிக் உறை.

பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகளில் மூன்றாவது முழு அடைப்பு. மெல்லிய செம்புக் கம்பி ஒன்றே போதும். இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கினால் மற்றதுக்குப் பிரஷர் குறையும்.

பம்ப்பைப் பிரித்தால் ரிலீஃப் வால்வு இருக்கையில் நெல் உமி அளவு செதில். இதை விட்டிருந்தால் வால்வு மூடாமல் பிரஷர் ஏறவே ஏறாது; பழி புது பேரிங் மேல் விழுந்திருக்கும். பல்லில் வரி விழுந்திருப்பதால் பம்ப்பே புதிது. ஆயில் கூலரும் புதிது. அதன் உள்மடிப்பைக் கழுவி முடித்ததாக யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஜூலை 8

கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பெரிய முனைதான் பிக் எண்ட். அதன் பழைய பேரிங் ஷெல்லைச் சாய்த்துப் பார்த்தால் பரப்பில் பதிந்த செதில்கள் நட்சத்திரப் பொட்டாய் மின்னுகின்றன. பதிந்தது கழுவினால் வராது, எல்லா ஷெல்லும் மாற்றுதான். கிராங்கில் அந்த ஷெல் உட்காரும் மூன்றாம் ஜர்னலில் வரி நகத்தில் தட்டியது. நாலு பிக் எண்ட் ஜர்னலையும் தேனி லேத் பட்டறையில் 10 தௌ, அதாவது 0.25 மில்லிமீட்டர், கிரைண்டிங் கல்லில் தேய்த்து வந்திருக்கிறது. கனெக்டிங் ராடு வளைவும் அங்கேயே பார்த்தாயிற்று. மூன்றாவது ராடில் பிஸ்டன்-பின் புஷ் மாற்று.

லேத்திலிருந்து வந்த கிராங்கை அப்படியே மாட்டுகிற பழக்கம் இங்கே நிறைய. மெயினிலிருந்து பிக் எண்டுக்குச் சாய்வாகப் போகும் துளைகளில் பழைய அலுமினியமும் இருக்கும், இப்போது கல்தூளும் சேர்ந்திருக்கும். துளை முனைத் திருகுகளைக் கழற்றியபோது வந்தது சாம்பல் நிறக் களி. பிளாக்குக்குச் செய்த அதே முறை, அதே வெள்ளைத் துணி.

ஜூலை 10

பூட்டியாயிற்று. ரேடியேட்டர் கோர் சுத்தம், ஹோஸ் புதிது. ஷெல்லில் ஆயில் தாராளம். பம்ப்பிலும் நிரப்பித்தான் மாட்டியது. 15டபிள்யூ-40 ஊற்றி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்து, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டர் சுற்றி, பிரஷர் முள் ஏறிய பிறகே ஸ்டார்ட். பாரமில்லாமல் 20 நிமிடம் ஓட்டி, சூட்டோடு ஆயில், பில்டர் இரண்டையும் இறக்கியாயிற்று.

பில்டரை வெட்டியதில் முழு மடிப்பிலும் சேர்த்து நாலு பொட்டு. அடுத்த பில்டரை 200 கிலோமீட்டரில் வெட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை மெட்டு ஏற வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறது.