கம்பெனி கேன்டீன்ல டெம்பரரி மாஸ்டர்
ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரி கேன்டீன்ல கான்ட்ராக்ட் ஆளா சமைச்சிட்டு இருக்கேன், ரெகுலர் மாஸ்டர் ஊர்லேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும்தான். கல்யாண சமையல் வேற, இது வேறங்க. இங்க விறகும் இல்ல பர்னரும் இல்ல, பாய்லர் ஸ்டீம நேரா பாத்திரத்துக்குள்ள விடுறாங்க, ஆவி தண்ணியாகி சாம்பார்லயே சேர்ந்துக்கும், அதனால பருப்ப கெட்டியா வெச்சு புளிய கம்மி தண்ணில கரைக்கணும், இத எனக்கு சொல்லிக் குடுத்தது பாத்திரம் கழுவுற அக்கா. 250 பேருக்கு மேல வேல செஞ்சா கேன்டீன் வைக்கணும்னு 1948 தொழிற்சாலை சட்டத்துலயே எழுதி வெச்சாங்க, ஆனா அந்த அக்காவுக்கு உக்காந்து சூடா சாப்பிட நேரம் குடுக்கணும்னு இங்க யாருக்கும் தோணல, எனக்கு அதுதான் ரொம்ப கோவம். நைட் ஷிஃப்ட் பசங்க ரசத்துக்கு ரெண்டாவது தடவ வர்றாங்க, அவங்களுக்காகவே மிளகு சீரகத்த நானே இடிக்கிறேன்.