மென்பொருளை ஏழு மாதத்தில் எழுதினேன், பணத்தை முறையாக வாங்கப் பதினொரு மாதம் அலைந்தேன்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் காஸ்டிங் (ஓர் ஆடைக்கு ஆகும் செலவுக் கணக்கு) போடும் மென்பொருள் ஒன்றை, வெளியார் முதலீடு எதுவும் வாங்காமல், தனி ஆளாக எழுதி விற்று வருகிறேன். ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி பிடிக்கும், எந்த ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எவ்வளவு கழிவு சேர்க்க வேண்டும் என்று, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் எக்செல் தாளில் மாலை முழுவதும் போடும் கணக்கை அது சில நிமிடங்களில் முடித்துக் கொடுக்கும். எழுதி முடிக்க ஏழு மாதம் ஆனது. அதில் சொல்ல அதிகம் இல்லை. உள்ளூரில் வாடிக்கையாளர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். 2023-இல், இங்குள்ள ஒரு நிறுவனத்திடம் துணி வாங்கும் போர்ச்சுகல் நாட்டுச் சிறு ஆடை நிறுவனம் ஒன்று தங்களுக்கும் அது வேண்டும் என்று கேட்டது. அன்று தொடங்கியது அலைச்சல்.

முதல் தடை என் இனிஷியல். ஆதாரில் என் பெயருக்கு முன்னால் ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது. பான் அட்டையில் இனிஷியலை அப்படியே போட முடியாது என்பதால், அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து என் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. வங்கிக் கணக்கிலோ இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் பணத்தை இணையம் வழியாக வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் கணினிக்கு விளக்க வழியே இல்லை. மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் “விவரங்கள் பொருந்தவில்லை” என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. எந்த விவரம் என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்கும் அதே வரிதான் வந்தது. எப்படியோ தொலைபேசியில் பிடித்த ஒரு பணியாளர்தான், “பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் அதுவே தள்ளிடும் சார்” என்று உண்மையைச் சொன்னார். அதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள், மென்பொருளின் முதல் வரியை எழுதும் முன்பே பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பானில் உள்ள வடிவத்தையே மற்ற இரண்டிலும் வைத்துக்கொள்வது எளிது. ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி உண்டு என்பதால், எழுத்துப் பிழை இல்லாமல் ஒரே முறையில் முடித்துக்கொள்ளுங்கள்.

கேட்வே இழுத்தடித்ததால், போர்ச்சுகல்காரர்கள் வங்கி வழியாக நேரடியாகவே அனுப்புகிறோம் என்றார்கள். அதற்குத் தொழில் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் வேண்டும். அந்தக் கணக்கைத் திறக்கத் தொழில் நடப்பதற்கான சான்றுகள் இரண்டு வேண்டும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு ஒரே நாளில் கிடைத்தது. (அதற்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.) ஜிஎஸ்டி பதிவுதான் சிக்கியது. நான் வேலை செய்வது எங்கள் வீட்டு மாடி அறையில், வீட்டின் இ.பி. இணைப்பு 2016-இல் காலமான அப்பாவின் பெயரிலேயே இருந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஏழு வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்து நான்காம் நாளே பதில் அனுப்பினேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நேரில் போய்க் கேட்டபோது, “வீட்டு மாடியில உக்காந்து என்ன கம்பெனி?” என்பதே எனக்குக் கிடைத்த விளக்கம். அந்தச் சொல்லை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. இ.பி. இணைப்பையும் வீட்டு வரியையும் அம்மாவின் பெயருக்கு மாற்றி, அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி மறுபடி விண்ணப்பித்த பிறகுதான் எண் கிடைத்தது.

இனி எல்லாம் சரி என்று நம்பினேன். ஆறு மாதத்தில் நான்கு தவணையாக மொத்தம் 3,12,000 ரூபாய் வந்து சேர்ந்தது. கணக்குகளைச் சரிபார்த்த ஆடிட்டர், வங்கி தந்த வரவுச் சான்றைப் புரட்டியவர், ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பணம் எதற்காக வந்தது என்று காட்டும் நோக்கக் குறியீடு என்ற கட்டத்தில் பி1301 என்று இருந்தது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்பும் பணத்துக்கான குறியீடு அது. நான்கு தவணையிலும் அதேதான். மென்பொருள் சேவைக்கு பி0802 என்று இருந்திருக்க வேண்டும். அன்னியச் செலாவணியில் பணம் வந்தது என்பது ஏற்றுமதியை நிரூபிக்கும் நிபந்தனைகளில் ஒன்று. இந்தக் குறியீட்டால் என் விற்பனை ஏற்றுமதி இல்லை என்று ஆகிவிட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி வரியாக 56,160 ரூபாயை என் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

வங்கிக்குப் போனேன். அங்கிருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “பணம் வந்துடுச்சுல்ல சார், அப்புறம் என்ன?” என்றார். இன்வாய்ஸையும் ஒப்பந்தத்தையும் மேசைமேல் பரப்பி விளக்கிய பிறகு கடிதம் கேட்டார். கையோடு எழுதிக் கொடுத்தேன்; புரொப்ரைட்டர் (தொழில் உரிமையாளர்) சீல் இல்லை என்றார். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே சீல் செய்யக் கொடுத்து, மறுநாள் மை காயாத அந்தக் கடிதத்தோடு போய் நின்றேன். லெட்டர்பேடில் இருக்க வேண்டும் என்றார். லெட்டர்பேடு அச்சடித்துக்கொண்டு போனபோது அவர் விடுப்பில் இருந்தார். ஐந்தாம் முறை கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கினேன். கடிதம் வேறு ஊரில் உள்ள அன்னியச் செலாவணிப் பிரிவுக்குப் போய், திருத்திய சான்று வர ஏழு வாரம் ஆனது. கையெழுத்திட்ட அந்த நகல் இல்லாமல் இருந்திருந்தால் ஆறாம் முறையும் முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். வாய்ச்சொல்லை நம்பி எந்தக் காகிதத்தையும் கொடுக்காதீர்கள்.

இந்த அலைச்சலின் நடுவே என் தவறு ஒன்றும் சேர்ந்தது. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யூடி என்ற உறுதிக் கடிதத்தை ஆர்எஃப்டி-11 படிவத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு சாட்சிகளின் பெயரும் முகவரியும் கையில் இருந்தால் கால் மணி நேர வேலைதான். ஆனால் அது மார்ச் 31-ஓடு காலாவதியாகும். 2024 ஏப்ரலில் நான் புதுப்பிக்கவில்லை. ஜூன் மாதம்தான் கவனித்தேன். 2018 மார்ச் 15-ஆம் தேதியிட்ட 37/11/2018 சுற்றறிக்கையை ஆடிட்டர் எடுத்துக் காட்டினார். ஏற்றுமதி நடந்தது உறுதியானால், சூழ்நிலையைப் பார்த்து எல்யூடி தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. அந்த உறுதிக்கும் வங்கிச் சான்றுதான் அடிப்படை. திருத்திய காகிதம் அதற்கு முந்தைய வாரம்தான் கைக்கு வந்திருந்தது.

உள்ளூர் வசூலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாக எடுக்கும் மாதக் கட்டணத்துக்கு முன்கூட்டியே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். பழைய ஏற்பாட்டில் வைத்திருந்த என் வசூல் மாதாமாதம் தடைபட்டது. வருடக் கட்டணத்தை யூபிஐ-யில் மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று மாற்றினேன். 41 பேரில் 33 பேர் ஒப்புக்கொண்டார்கள். கடன் வாங்காமல் அந்த வருடத்தை ஓட்ட அந்தப் பணம்தான் கைகொடுத்தது.

போர்ச்சுகல் நிறுவனம் இரண்டாம் வருடத்துக்கும் புதுப்பித்தது. பணம் வந்து சேர்ந்த அன்று காலை பத்தேகாலுக்கு வங்கியிலிருந்து அழைப்பு. லெட்டர்பேடு கேட்ட அதே குரல். “சார், உங்க பேமென்ட் வந்திருக்கு. பி0802 தானே போடணும்?” ஆமாம் என்றேன், இன்வாய்ஸ் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டார்.