புறவாசலில் காய்கறி: குமரி மண்ணுக்கு ஏற்றபடி

பழைய சாமான் கிடக்கும் புறவாசலில் முதலில் பார்க்க வேண்டியது வெயில். தினம் 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம்தான் வெண்டை, வழுதலங்காய் (கத்தரி), பயறுக்கு. தென்னை நிழலில் இவை காய்க்காது. அங்கே சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் வையுங்கள்.

குமரியில் இரண்டு பருவமழையும் கொட்டும். தரைமட்டத்தில் நட்டால் வேர் அழுகும். 3 அடி அகலம், 1 அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். அடியில் கதம்பையை (தேங்காய் உரிமட்டை) நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, மேலே செம்மண் 2 பங்கு, மக்கிய சாணம் 1 பங்கு. பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், சூட்டில் நாற்று கருகும்.

நம்மூர்ச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு. அதனால் நடுவதற்கு 2 வாரம் முன்பே, சாணம் சேர்க்கும் முன், சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி நீற்றுச் சுண்ணாம்பு கலக்கவும். உரத்தோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

தக்காளியும் வழுதலையும் இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் தொங்கினால், பெரும்பாலும் பாக்டீரியா வாடல். தண்டை அறுத்து கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால் இழையாக இறங்கினால் அதுவேதான். மருந்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் மிளகாயும் வேண்டாம், பயறோ வெண்டையோ போடுங்கள். வழுதலை கட்டாயம் வேண்டுமென்றால் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று தாங்கும்.

பயறில் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும். கீரையை மழை ஓய்ந்து, தை பிறந்தபிறகு விதைத்தால் போதும்.