ஈரப்பதமானியை நம்பிக் கட்டிய கிட்டார்

சென்னையில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையில் ஒரு கிட்டாரைக் கட்டி முடிக்க எனக்குப் பதினாறு மாதங்கள் ஆயின. அவற்றில் ஐந்து மாத உழைப்பு, நான் காற்றின் ஈரத்தைப் பொருட்படுத்தாததால் வீணாயிற்று.

மேற்பலகைக்கு வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் சிட்கா ஸ்புரூஸ் மரத்தை விலைக்கு வாங்கினேன். முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். ஈட்டி மரங்களைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-இல் இயற்றப்பட்ட சட்டம் அப்போது இருந்ததால், புது மரத்தைத் தேடாமல், கால்கள் கரையான் அரித்துப்போய்ப் பரணில் கிடந்த தாத்தா காலத்து மேசையின் இரண்டு பலகைகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் நான்கடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். உள்ளே ஆணி இல்லை என்பதைக் காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே மரம் அறுக்கும் பட்டறைக்காரர் அவற்றை வாங்கி, பலகைக்கு நான்கு ஏடுகளாகப் பிளந்து கொடுத்தார். அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம் போல விரித்து நடுவில் ஒட்டியபோது, இருபுறமும் ஒரே ரேகை கண்ணாடியில் தெரிவது போல எதிரெதிராக விழுந்தது. அந்த அழகில் மயங்கிய நான், அடுத்து வரவிருந்த வேலைக்கு ஏற்ற பருவம் அது அல்ல என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

அது நவம்பர். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முதுகுப் பலகையின் உட்புறத்தில், அதன் ரேகைக்குக் குறுக்காக, நான்கு தாங்குசட்டங்களை ஒட்டினேன். வெளிப்புறம் மெல்லிய வளைவோடு உப்பி நின்ற அந்தப் பலகையை, மற்ற பாகங்கள் தயாராகும் வரை குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் வைத்திருந்தேன். ஏப்ரலில் எடுத்துப் பார்த்தபோது உப்பியிருந்த இடம் உள்வாங்கியிருந்தது. நடுவே ஒரு சாண் நீளத்துக்கு ரேகையோடு விரிசல் ஓடியிருந்தது. மரம் ஈரத்தை இழக்கும்போது நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்குகிறது. மழைக்கால ஈரத்தைக் குடித்து விரிந்திருந்த பலகை வறண்ட அறையில் சுருங்க முயன்றது. குறுக்கே நீளவாக்கில் ஒட்டியிருந்த சட்டங்களோ அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடந்த இழுபறியில் பலகை கிழிந்தது.

மேசையின் இரண்டாவது பலகை மிச்சமிருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. இம்முறை முதலில் ஓர் ஈரப்பதமானி வாங்கினேன். மலிவான கருவியின் அளவை அப்படியே நம்பக் கூடாது என்பதால், ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு முழுவதும் மூடி வைத்தேன். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 விழுக்காடு ஈரப்பதத்தில் நிறுத்தும். கருவி 79 காட்டியது. அன்றிலிருந்து அது காட்டும் எண்ணில் நான்கைக் கழித்தே படித்தேன். பின்னறைக்கும் குளிர்சாதனம் பொருத்தி, 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் அறையை நிறுத்தி, பலகைகளைச் சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்துக் குறித்துவந்தேன். எடை குறைவது நின்ற பிறகே பசையைத் தொட்டேன். பதினெட்டு நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பக்கப்பலகைகளை இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்து, நீர் தெளித்து, சூடேற்றிய இரும்புக் குழாயின் மேல் அழுத்தி வளைத்தேன். கனம் எங்கும் ஒன்றாக இல்லாவிட்டால், மெலிந்த இடத்தில் மட்டும் மரம் மடங்கிவிடும். இடுப்பு வளைவில் கை சற்று அவசரப்பட்ட ஒரு பலகையை நான் அப்படித்தான் இழந்தேன்.

மேற்பலகைக்கு ஆறு வாரங்களை மனமறிந்தே செலவிட்டேன். ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ், ஒலிக்கு மேற்பலகையே முதன்மை என்று காட்ட, 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து ஒரு கிட்டாரைக் கட்டினார். பலகையை 2.8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, பெருக்கல் குறி வடிவில் தாங்குசட்டங்களை ஒட்டி, உளியால் சிறிது சிறிதாகச் செதுக்கினேன். ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இழுப்பதை அது தாங்கவும் வேண்டும், அதிரவும் வேண்டும். விரல் கணுவால் தட்டும்போது பொத்தென்று கேட்ட ஓசை, செதுக்கச் செதுக்க நீண்டு ஒலிக்கத் தொடங்கியது. எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. அந்த இடத்தில் காதை மட்டுமே நம்பினேன்.

கழுத்தின் மேல் பதிக்கும் உலோகக் குறுக்குப்பட்டைகளான ஃபிரெட்டுகளின் இடைவெளிகள் கணக்குக்கு அடங்கியவை. கம்பியின் அதிரும் நீளம் 645 மில்லிமீட்டர் என்றால் முதல் ஃபிரெட் 36.2-இலும், பன்னிரண்டாவது சரிபாதியான 322.5-இலும் விழும். ஒவ்வொன்றையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளக்காமல், கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்தே அளந்ததால் பிழை சேர்ந்துகொண்டே போகவில்லை.

மெருகுக்கு அரக்கைத் தேர்ந்தேன். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில்களைக் கரைத்து, பழைய பருத்தித் துணிக்குள் கம்பளிப் பஞ்சை வைத்துக் கட்டிய பொதியால் தடவினேன். ஈட்டி மரத்தின் நுண்துளைகளைப் நுரைக்கல் தூளால் அடைக்க வேண்டியிருந்தது. ஸ்புரூஸுக்கு அது தேவைப்படவில்லை. பொதி ஓரிடத்தில் நின்றால் அடிப்பூச்சு கரைந்துவிடும் என்பதால், எட்டு என்ற எண்ணை எழுதுவது போலக் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த தெருவில் கதவுகளுக்குப் பாலிஷ் போடும் முதியவர் ஒருவர், 'துணி ஈரமா இருக்கக் கூடாது தம்பி, சில்லுனு இருந்தாப் போதும்' என்று தன் புறங்கையில் பொதியை ஒற்றிக் காட்டினார். மின்சாரம் தடைபட்டு அறைக்குள் மழைக்காற்று புகுந்த ஒரு மாலையில் பூச்சு பனிபடர்ந்தது போல வெளுத்தது. மறுநாள் அறை உலர்ந்ததும், ஸ்பிரிட் மட்டும் தோய்த்த பொதியை மேலோட்டமாக ஓட்டியதில் வெளுப்பு நீங்கியது.

மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜ் அமரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி வெறும் மரத்தோடு ஒட்டி, ஜனவரியில் கம்பி பூட்டினேன். முதல் வாரம் முழுவதும் மேற்பலகை இழுவைக்கு இணங்கிக்கொண்டே இருந்ததால், சுருதி நாள்தோறும் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

இப்போது கிட்டார் குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் இருக்கிறது. மே மாதத்தில் முதுகின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன்; வளைவு உள்வாங்கவில்லை. மழைக்காலத்தில் மட்டும் மேற்பலகை உப்பி, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி அரை மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. அதற்காக, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலை எலும்பில் இரண்டு உயரங்களில் செதுக்கி உறைக்குள் வைத்திருக்கிறேன். தாழ்ந்ததை அக்டோபரில் பொருத்துவேன், உயர்ந்ததை பிப்ரவரியில்.