பழைய கடவுச்சொற்களைக் களைவது

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலியான கடவுச்சொல் மேலாளரில் சேர்ந்துபோன பழைய பதிவுகளை நீக்க உட்காரும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, பதிவை அழித்தால் கணக்கு அழிந்துவிடாது என்பதைத்தான். நம் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் அந்த நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்க, உள்ளே போகும் சாவியை மட்டும் நாம் தூக்கி எறிகிறோம். ஆகவே தளத்திற்குள் நுழைந்து, சேமித்த அட்டை விவரங்களையும் கணக்கையும் நீக்கி, அதை உறுதிசெய்யும் மின்னஞ்சல் வந்த பிறகே பதிவில் கை வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மூடப்பட்ட தளங்களிலும் அவசரம் கூடாது. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. ஆனால் பின்னாளில் அதற்குள் கூகுள் கணக்கின் வழியாகவே நுழைந்தோம் என்பதால், அந்தப் பெயரில் கிடக்கும் பதிவு இன்றைய ஜிமெயிலின் கடவுச்சொல்லாகவே இருக்கக்கூடும்.

பயன்படுத்தாதது எல்லாம் வேண்டாததும் அல்ல. வருமான வரித் தளத்தைப் பலர் ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கை அதைவிட அரிதாகத்தான் பார்க்கிறார்கள். இவற்றைத் தனிக் கோப்புறைக்கு மாற்றிவிடுவதே நல்லது. தவறி நீக்கினாலும், பிட்வார்டன் என்ற கடவுச்சொல் மேலாளர் அதைக் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் வைத்திருக்கும்.