ஏற்பி பிடி விடும் இடம்

மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போகவேண்டிய நொதியின் மீது மான்னோஸ்-6-பாஸ்பேட் என்னும் அடையாளம், புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கி உறுப்பின் தொடக்க அடுக்குகளில் உருவாகிறது என்பதையும், கடைசி அடுக்கிலுள்ள ஏற்பிகள் அதைக் கண்டு நொதியைப் பற்றி, கிளாத்ரின் என்னும் புரதத்தால் உறையிட்ட நுண்பைகளில் ஏற்றி அனுப்புகின்றன என்பதையும் மாணவர்கள் சிரமமின்றி எழுதிவிடுகிறார்கள். அவ்வளவு உறுதியாகப் பற்றிய ஏற்பி பிறகு ஏன் விடுகிறது என்று கேட்டால்தான் தடுமாற்றம். பாடநூல் படத்தின் அம்புக்குறி லைசோசோமோடு முடிந்துவிடுவதே இதற்குக் காரணம் என்பேன்.

கோல்கியின் கடைசி அடுக்கில் 6.5-ஐ ஒட்டியிருக்கும் பிஎச் அளவு, லைசோசோமுக்கு முந்தைய நிறுத்தமான பின்நிலை எண்டோசோமில் 6-க்கும் கீழே இறங்குகிறது, அதாவது அமிலம் கூடுகிறது. அங்கே ஏற்பியின் பிடி தளர, நொதி லைசோசோமுக்குப் போகிறது. ஏற்பியோ ரெட்ரோமர் முதலிய புரதங்களின் துணையோடு அடுத்த நொதியை ஏற்றக் கோல்கிக்குத் திரும்புகிறது. குலசேகரம், திருவட்டாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றி உறையவைப்பது வீட்டு வேலை என்பதால் அதிலிருந்தே தொடங்குவேன். அங்கே அமிலம் சேர்க்கிறது, இங்கே பிரிக்கிறது. ஆயினும் அமிலம் கூடும்போது புரதங்களின் மின்னூட்டம் மாறுவது இரண்டுக்கும் பொது.

அடையாளத்தை இடும் நொதியே இல்லாத ஐ-செல் நோயில், லைசோசோமுக்குரிய நொதிகள் செல்லுக்குள் குறைந்து இரத்தத்தில் மிகுந்திருக்கும். இதை நடத்தியபோது ஒரு மாணவி, “வெளியே போனதை செல் திரும்ப எடுக்காதா டீச்சர்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி, ஏனெனில் இவ்வகை ஏற்பிகளில் பெரியது செல்லின் மேற்பரப்பிலும் இருந்து வெளியிலுள்ள நொதியை உள்ளே இழுக்கக்கூடியது. ஆய்வாளர்கள் ஹிக்மனும் நியூஃபெல்டும் 1972-இல் காட்டியதும் இதையொட்டியதே: நோயுற்ற செல்கள் இயல்பான செல்களின் நொதியை ஏற்றுக்கொண்டன, நோயுற்ற செல்கள் வெளியிட்ட நொதியைப் பிற செல்கள் ஏற்கவில்லை. ஆகவே குறை ஏற்பியில் இல்லை, நொதியில்தான் இருந்தது. தசையை நலிவிக்கும் லைசோசோம் நோயான பாம்பே (Pompe) நோய்க்கு ஊசிவழி செலுத்தும் நொதி தசைச் செல்களுக்குள் நுழைவதும் இந்த மேற்பரப்பு ஏற்பியின் வழியேதான்.

எல்லா நொதிகளும் இவ்வழியே போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோஷே (Gaucher) என்னும் இன்னொரு லைசோசோம் நோயில் பழுதுபடும் குளுக்கோசெரிபுரோசிடேஸ், லிம்ப்-2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்கிறது. அந்தப் புரதம் லைசோசோம் சவ்வுக்கே உரியது. ஆகவே நொதியை விட்ட பிறகு கோல்கிக்குத் திரும்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை.